கண்வழிக் கல்வியும் தொழிற்களமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட அனுபவ மொழி. தொழில் பழக்குவோர் யாவரும் இதன் உண்மையை நன்கு அறிவர். சாந்து எந்தப் பதத்தில் இருத்தல் வேண்டும், உளியை எந்தச் சரிவிற் பிடித்தல் வேண்டும், வலையின் கண் எவ்வளவு இறுக முடியப்படல் வேண்டும் என்பவற்றைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தாலும், படிப்பவனுடைய கை அவற்றை அறிந்துகொள்வதில்லை. குரு செய்து காட்ட, மாணாக்கன் அருகில் நின்று பார்த்துப் பழகுதலே உலகெங்கும் தொழிற்கல்வியின் பழைய வழி. ஆயினும் குருவோ ஒருவர். அவர் ஓரிடத்தில் இருப்பவர். ஒரு காலத்தில் மறைபவர். அவருடைய கைத்திறனைப் பிற இடத்தார்க்கும் பிற்காலத்தார்க்கும் எட்டச் செய்ய மனிதன் கண்ட உபாயங்களுள் தலையாயது படம்.

இன்று கந்தோர்களிலும் தொழிற்சாலைகளிலும் வீடியோப் படங்களின் துணைகொண்டு வேலை பழக்குகிறார்கள். பாதுகாப்பு விதிகளைச் சுவரிற் படமாக வரைந்து வைக்கிறார்கள். இதனை நேற்று முளைத்த புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இதன் பின்னே நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவோமாயின், ஒரு கேள்வி காலந்தோறும் தலைதூக்குவதைக் காணலாம். படம் தொழிலாளி கற்பதற்காக ஆக்கப்பட்டதா, அன்றித் தொழிலாளியைப் பிறர் பார்ப்பதற்காக ஆக்கப்பட்டதா என்பதே அக்கேள்வி. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டில் ஏறிய தொழில்

ஜேர்மனியின் சக்சனி நாட்டிலே பிறந்த கியோர்க் அக்றிக்கோலா என்பவர் தொழிலால் வைத்தியர். வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த யோவாக்கிம்ஸ்தால் என்னும் ஊரிலே வைத்தியம் பார்த்த காலத்தில், சுரங்கத் தொழிலாளரின் வேலைமுறைகளை நேரிற் கண்டு ஆராய்ந்தார். அவர் இலத்தீன் மொழியில் எழுதிய சுரங்கத் தொழில் பற்றிய பெருநூல், அவர் இறந்த மறு வருடமாகிய 1556இல் பாசல் நகரில் வெளிவந்தது. அந்நூல் இத்துணைப் புகழ் பெற்றமைக்குக் காரணம் அதிலுள்ள ஏறத்தாழ 290 மரச்செதுக்குச் சித்திரங்களே. நீர் இறைக்கும் பொறி, காற்றூட்டும் துருத்தி, தாதுவை நொறுக்கும் உலக்கை ஆகிய ஒவ்வொன்றும் உறுப்புறுப்பாக வரையப்பட்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எழுத்து இடப்பட்டது. அந்த எழுத்தின் பொருள் அதே பக்கத்தில் விளக்கப்பட்டது. சொல்லால் மட்டும் கூறியவை தம் காலத்தார்க்கோ வருங்காலத்தார்க்கோ விளங்காது போகலாம் என்று அஞ்சியே ஓவியர்க்குக் கூலி கொடுத்து இவற்றை வரைவித்ததாக அக்றிக்கோலா தமது முன்னுரையிலே கூறுகிறார். இந்நூலை 1912இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஹேர்பேட் ஹூவரும் அவர் மனைவியாரும் ஆவர். சுரங்க எஞ்சினியராயிருந்த ஹூவரே பின்னர் 1929இல் அமெரிக்க ஜனாதிபதியானார்.

இரண்டு நூற்றாண்டுகளின் பின், பிரான்சிலே இம்முயற்சி பெருவிருட்சமாக வளர்ந்தது. டெனிஸ் டிடரோ என்னும் அறிஞர் பதிப்பித்த கலைக்களஞ்சியம் 1751 முதல் 1765 வரை 17 உரைத் தொகுதிகளாக வெளிவந்தது. 1762 முதல் 1772 வரை 11 படத் தொகுதிகள் அதனைத் தொடர்ந்தன. டிடரோ கத்தி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன். கைத்தொழிலைத் தாழ்ந்ததாகக் கருதிய அக்காலப் படித்தவர் கூட்டத்தில், தொழிலாளியின் அறிவும் அறிவே என்று வாதாடியவர் அவர். பட்டறைகளுக்குச் சென்று தொழிலாளரை வினவி எழுதுவதே அக்களஞ்சியத்தின் முறையாயிற்று. அங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. கையால் அற்புதமாகச் செய்பவர்களுட் பலருக்குத் தாம் செய்வதை வாயால் விளக்கத் தெரியவில்லை. ஆகவே படம் இன்றியமையாததாயிற்று. பல படங்களின் மேற்பாதியில் பட்டறையும் அதில் வேலை செய்வோரும் காணப்படுவர். கீழ்ப்பாதியில் கருவிகள் தனித்தனியே வரையப்பட்டிருக்கும். குண்டூசி செய்தல், கண்ணாடி ஊதுதல், காலுறை நெய்தல் முதலான தொழில்கள் இவ்வாறு ஏட்டில் ஏறின.

இதற்கும் ஓர் எல்லை இருந்தது. அசையாத படம் கருவியின் வடிவைக் காட்டும். கையின் வேகத்தையும் இலாகவத்தையும் காட்டமாட்டாது. அத்துடன், விலையுயர்ந்த அத்தொகுதிகளை வாங்கியவர்கள் செல்வரும் கற்றோருமேயன்றிப் படத்திலே காணப்பட்ட தொழிலாளர் அல்லர்.

கமரா தொழிற்சாலையுட் புகுந்த கதை

அசையும் படத்தின் வரலாறு தொழிற்சாலை வாசலிலேயே தொடங்கிற்று என்பது பலர் அறியாத செய்தி. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரிலே லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்களுள் ஒன்று, லியோன் நகரிலிருந்த அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சியாகும். ஒரு நிமிடங்கூட நீடிக்காத அப்படத்தில் ஆண்களும் பெண்களும் வாயிலைத் தாண்டி வருகின்றனர். உள்ளே அவர்கள் என்ன செய்தனர் என்பதை அப்படம் காட்டவில்லை. கமரா வாசலுக்கு வெளியே நின்றது.

அதனை உள்ளே கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் பிராங்க் கில்பிரெத் என்னும் அமெரிக்கர். 1868இற் பிறந்த இவர், 1885இல் ஒரு மேசனிடம் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே ஒரு விந்தையைக் கண்டார். அவருக்குப் பழக்கிய மேசன்மார் விரைவாக வேலை செய்யும்போது ஒரு வகையாகவும், ஆறுதலாகச் செய்யும்போது வேறொரு வகையாகவும், பிறருக்குக் கற்பிக்கும்போது மூன்றாவது ஒரு வகையாகவும் கையை அசைத்தனர். தாம் கற்பிப்பது ஒன்று, செய்வது மற்றொன்று என்பதை அவர்களே அறியார். கல்லை எடுக்க ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிரும் சிரமத்தை நீக்கும்பொருட்டு, கில்பிரெத் சாரத்தின் உயரத்தை மாற்றக்கூடியதாக அமைத்தார். ஒரு கல் வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகளை ஏறத்தாழ ஐந்தாகக் குறைத்தார்.

கண்ணாற் பார்ப்பது போதாதென உணர்ந்த கில்பிரெத், 1912இல் றோட் ஐலண்ட் மாகாணத்துப் புறொவிடன்ஸ் நகரிலிருந்த ஒரு தொழிற்சாலையில் சலனப்படக் கமராவைப் பயன்படுத்தினார். வேலை செய்பவரின் அருகே, நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் காட்டவல்ல கடிகாரம் ஒன்று வைக்கப்பட்டது. படச்சுருளை ஒவ்வொரு சட்டமாக ஆராய்ந்து, எந்த அசைவு பயனுள்ளது, எது வீணானது என்று கணித்தார். விரலிலே சிறிய மின்விளக்கைக் கட்டி, கை செல்லும் பாதையை ஒளிக்கோடாகப் படம் பிடித்தார். இப்பணியில் அவருக்குச் சமமாக உழைத்தவர் அவருடைய மனைவி லில்லியன். 1915இல் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவ்வம்மையார், களைப்பு, மனநிலை, கற்கும் ஆற்றல் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என வற்புறுத்தினார். முதலாவது உலகப் போரிலே உறுப்பிழந்த வீரர் மீண்டும் தொழில் பழகுவதற்கு இம்முறை உதவும் எனக் காட்டி, இருவரும் 1920இல் ஒரு நூலும் வெளியிட்டனர்.

இங்கேதான் நாம் முன்னர் எழுப்பிய கேள்வி கூர்மை பெறுகிறது. கில்பிரெத் தம்பதியர் தொழிலாளியின் களைப்பைக் குறைக்க விரும்பினர் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு வேலைக்கு ஒரேயொரு சிறந்த வழியே உண்டு என்பதும், அதனை முடிவு செய்பவர் நிபுணரே என்பதும் அவர்கள் கொள்கை. அதே காலத்தில் பிரெடரிக் டெய்லரின் முறையைப் பின்பற்றியோர் நிறுத்தற் கடிகாரத்துடன் தொழிலாளரின் பின்னே நின்றனர். 1911 ஓகஸ்ட் மாதத்தில் மசச்சூசெட்ஸ் மாகாணத்து வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், அக்கடிகாரத்தை எதிர்த்து வார்ப்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதன் எதிரொலியாக, அரசாங்கப் படைக்கலச் சாலைகளில் அவ்வாறு நேரம் அளப்பதற்குப் பணம் செலவிடலாகாது என 1915இல் அமெரிக்கக் காங்கிரஸ் தடை விதித்தது. தம்மை அளப்பதற்கு மட்டும் கொண்டுவரப்பட்ட கருவியைத் தொழிலாளர் ஆசானாக ஏற்கமாட்டார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

போர்க்காலப் பாடம்

இரண்டாவது உலகப் போர் மூண்டபோது, அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் முன்பின் அறியாத தொழில்களுக்குச் சென்றனர். அவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர். கடைசல் இயந்திரத்தை முன்னொருபோதும் கண்டிராதவரைச் சில வாரங்களிலே தொழிலாளியாக்க வேண்டிய நெருக்கடி. ஆகவே 1941இல் அந்நாட்டுக் கல்வி அலுவலகம் தொழிற்பயிற்சிப் படங்களைத் தயாரிக்கத் தொடங்கிற்று. உருக்கு அளவுகோலை வாசிப்பது எப்படி என்னும் எளிய விடயமும் ஒரு படமாயிற்று. போர் முடிவதற்குள் 457 பேசும் படங்கள் தயாராயின.

இவ்வெண்ணிக்கையினும் முக்கியமானது அவர்கள் கையாண்ட முறை. படத்தைத் தனியே அனுப்பாது, ஆசிரியருக்குரிய கைந்நூல் ஒன்றையும், நிறுத்தி நிறுத்திக் காட்டத்தக்க அசையாப் படச்சுருளையும் உடன் அனுப்புவதே அவர்கள் திட்டம். படம் ஓடும், பின்னர் அசையாப் படத்தைக் காட்டி ஆசிரியர் கேள்வி கேட்பார், அதன்பின் மாணாக்கர் இயந்திரத்தின் முன்னே சென்று கைவைப்பர். 1913இலேயே தோமஸ் எடிசன், பாடசாலைகளிற் புத்தகங்கள் விரைவில் வழக்கொழியும், படமே அவற்றின் இடத்தைப் பிடிக்கும் என்று ஆரூடம் கூறியிருந்தார். அந்த ஆரூடம் பலிக்கவில்லை. படம் ஆசிரியரை அகற்றாது, அவருக்குத் துணை நின்ற இடத்திலேதான் அது வெற்றி கண்டது.

அக்காலத்திலேயே, 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் மேற்பார்வையாளருக்கு வேலை கற்பிக்கும் முறையைப் பயிற்றிய மற்றோர் இயக்கமும் நடைபெற்றது. அது வகுத்த படிகள் நான்கு. கற்பவனை ஆயத்தப்படுத்துக, செய்து காட்டுக, அவனைச் செய்யவிட்டுப் பார்க்குக, பின்னரும் தொடர்ந்து கவனிக்குக. மாணாக்கன் கற்கவில்லையெனின் ஆசிரியர் கற்பிக்கவில்லை என்பதே அதன் அடிப்படைக் கோட்பாடு. இந்நான்கினுள் படம் செய்யக்கூடியது இரண்டாவது படி ஒன்றையே. மற்றைய மூன்றுக்கும் மனிதர் வேண்டும்.

இலங்கையின் படமும் ஒரு தீவின் படமும்

இவ்வரலாற்றின் ஒரு கிளை நமது நாட்டினூடாகவும் செல்கிறது. 1934இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை, பசில் றைற் என்பவரைக் கொண்டு ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படத்தைத் தயாரிப்பித்தது. தயாரிப்பாளர் ஜோன் கிறியர்சன். படத்திற் கேட்கும் விவரணக் குரல் நமது நாட்டவராகிய லயனல் வென்ற் அவர்களுடையது. இதன் ஒரு பகுதியில், மக்கள் உழைக்கும் காட்சிகளின் மேலே சந்தை விலையும் கப்பற் செய்தியும் கூறும் வணிகக் குரல்கள் ஒலிக்கின்றன. உலகப் புகழ்பெற்ற கலைப்படைப்பு இது. 1935இல் பிரசெல்ஸ் நகரிற் பரிசும் பெற்றது. ஆயினும் அப்படம் யாரை நோக்கிப் பேசிற்று? உழைத்தவரை நோக்கியன்று, கடல் கடந்த நாட்டிலே தேநீர் அருந்துவோரை நோக்கியே பேசிற்று. உழைப்பவரின் உருவம் கப்பலேறிற்று. அவருடைய சொல் ஏறவில்லை.

அதே கிறியர்சன் கனடாவுக்குச் சென்று 1939இல் அந்நாட்டுத் தேசியத் திரைப்படச் சபையின் முதல் ஆணையாளரானார். அச்சபை 1967இற் செய்த ஒரு முயற்சி, நாம் எழுப்பிய கேள்விக்கு நல்லதொரு விடை தந்தது.

நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் போகோ என்றொரு தீவு உண்டு. அங்கே சிதறிக் கிடந்த ஊர்களிலே கடற்றொழிலாளர் வாழ்ந்தனர். தொழில் நலிந்தது, மக்களைத் தீவினின்றும் பெயர்த்து வேறிடங்களிற் குடியேற்றும் பேச்சு அரசாங்கத்தில் அடிபட்டது. ஊருக்கும் ஊருக்கும் ஒற்றுமையில்லை. தீவுக்கும் தலைநகருக்கும் தொடர்பில்லை. நெறியாளர் கொலின் லோ, மெமோறியல் பல்கலைக்கழகத்தின் விரிவுப் பகுதியோடு இணைந்து, அம்மக்களின் பேச்சையும் வேலையையும் இருபதுக்கு மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார். எடுத்த படத்தை முதலிலே காண்பவர் அதிற் பேசியவரே என்பது விதி. வேண்டாத பகுதியை நீக்கும்படி கேட்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. பின்னர் அப்படங்கள் ஒவ்வோர் ஊரிலும் காட்டப்பட்டன. அடுத்த ஊரவனுக்கும் தமக்கும் கவலை ஒன்றே என்பதை மக்கள் திரையிலே கண்டு அறிந்தனர். அதன்பின் படங்கள் தலைநகருக்குச் சென்றன. அமைச்சர்கள் இருந்து பார்த்தனர். கடற்றொழில் அமைச்சர் தமது மறுமொழியையும் படமாகவே அனுப்பினார். தீவு மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பெரிய வள்ளங்கள் கட்டத் தலைப்பட்டனர். தீவைவிட்டுப் பெயராது நிலைத்தனர்.

மேலிருந்து கீழே கட்டளை கொண்டுவந்த கருவி, இங்கே கீழிருந்து மேலே குரல் கொண்டு சென்றது. படம் இருவழிப் பாதையாயிற்று என்பதே போகோவின் பெருமை.

வீடியோவும் கமக்காரர் கேட்ட கேள்வியும்

1970களில் வீடியோ நாடாக்கள் பரவியதோடு, படம் காட்டுதல் எளிதாயிற்று. இருட்டறையும் பெரிய இயந்திரமும் இன்றிக் கந்தோரிலேயே பயிற்சிப் படம் காட்டும் வழக்கம் வளர்ந்தது. இங்கிலாந்திலே நகைச்சுவை நடிகர் ஜோன் கிளீஸ், அன்ரனி ஜே முதலியோருடன் சேர்ந்து 1972இல் இதற்கென ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார். கூட்டங்களைச் சீராக நடத்தத் தெரியாத முகாமையாளர் ஒருவர், தாம் நீதிமன்றத்திலே குற்றவாளியாக நிற்பதாகக் கனவு காணும் கதையை அவர்கள் 1976இற் படமாக்கினர். குற்றக்கூண்டில் மேலதிகாரியை நிறுத்திச் சிரிக்க வைத்தமையால், பிழையைத் திருத்தும் கடமை அவருக்கும் உண்டு என்பது யாவர்க்கும் விளங்கிற்று.

அயலிலுள்ள பாரதத்திலும் இத்துறையில் நல்ல பரிசோதனைகள் நடைபெற்றன. 1975 ஓகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, செய்மதியின் துணையால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கமத்தொழில், சுகாதாரம் முதலியன பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அம்முயற்சி மிகப் பெரியது. ஆயினும் ஒரே நிகழ்ச்சி, வெவ்வேறு மண்ணும் மழையும் உள்ள ஊர்களுக்குச் சென்றது.

2006இல் பெங்களூரிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்திலே தொடங்கிய ‘டிஜிட்டல் கிறீன்’ என்னும் முயற்சி வேறு வழியைக் கைக்கொண்டது. நிபுணரைப் படம் பிடிப்பதை விடுத்து, ஒரு புதிய முறையைத் தன் வயலிலே செய்து பார்க்கும் உள்ளூர்க் கமக்காரரைப் படம் பிடித்தனர். அதை அயற் கிராமத்தவர்க்கு இரவிலே சிறிய தொலைக்காட்சிப் பெட்டியிற் காட்டினர். ஊரவர் ஒருவர் பக்கத்தில் நின்று, படத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டு, பேச்சை வளர்த்தார். வழக்கமான போதனை முறையோடு ஒப்பிட்டபோது, செலவிட்ட ஒவ்வொரு பணத்துக்கும் ஏறத்தாழப் பத்து மடங்கு பயன் கிடைத்ததாக அவர்கள் கணித்தனர். படம் பார்த்த கமக்காரர் முதலிற் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? பசளையின் அளவைப் பற்றியதன்று. ‘இவர் யார், எந்த ஊர்?’ என்பதே. தம்மைப் போன்ற ஒருவர், தம் மண்ணைப் போன்ற மண்ணிலே செய்தார் என்று கண்டபின்னரே, தாமும் செய்யலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

அக்றிக்கோலாவின் காலத்தில் ஒரு படம் செதுக்க ஓவியனும் செதுக்குவோனும் வேண்டியிருந்தது. இன்று கூலிவேலை செய்யும் இளைஞனின் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியிலே கமரா இருக்கிறது. அதே வேளையில், வேலைத்தலத்தின் கூரையிலிருந்து அவனைக் கண்காணிக்கும் கமராவும் இருக்கிறது. கருவி ஒன்றே, நோக்கம் இரண்டு. ஆகவே வரலாறு காட்டும் சில உண்மைகளை மனத்திற் பதித்தல் நன்று.

முதலாவது, படம் கையின் இடத்தைப் பிடிக்காது. பார்த்தவுடன் செய்து பழகாத பாடம் மறந்துபோகும். பத்து நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரக் கைவேலை வேண்டும் என்று கொண்டாலும் தவறில்லை. இரண்டாவது, படத்தின் அருகே மனிதர் ஒருவர் நிற்றல் வேண்டும். படத்தை நிறுத்தவும், கேட்கவும், விளங்காதவனை மீண்டும் பார்க்கச் செய்யவும் வல்லவர் அவரே. மூன்றாவது, படத்தில் தோன்றுபவரே அதனை முதலிற் காணவும், பிழையெனின் பிழையென்று சொல்லவும் உரிமை பெறல் வேண்டும். இந்த உரிமை இருக்கும் இடத்திற் படம் ஆசானாகும்; இல்லாத இடத்தில் அது காவற்காரனாகவே இருக்கும்.

இம்மலரைப் படிக்கும் இளைஞருட் பலர் நாளை முகாமையாளராகவும் எஞ்சினியராகவும் ஆசிரியராகவும் வருவர். உங்கள் கீழ் வேலை பழகுவோர்க்குப் படம் எடுக்கும் வேளையில், அவ்வேலையிற் கைதேர்ந்தவரையே முன்னிறுத்துங்கள். அவருடைய பெயரையும் ஊரையும் படத்தில் இடுங்கள். எடுத்ததை முதலில் அவருக்கே காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தைக் கேளுங்கள். மூத்தோரிடமும் ஒரு விண்ணப்பம். கைவினை அறிந்தவர் சொல்லத் தெரியாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. செய்து காட்டினாற் போதும். பேரப்பிள்ளையின் கையிலுள்ள கமரா மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். டிடரோவின் காலத்துப் பட்டறைத் தொழிலாளர் வாயால் விளக்க இயலாது விட்ட அறிவு எவ்வளவோ அவர்களுடனேயே மறைந்தது. நமது காலத்தில் அவ்வாறு மறைய விடுவதற்கு யாதொரு காரணமும் இல்லை.